டிரஸ்டா, சங்கமா?

அன்புள்ள செல்வம்,

படிப்பகத்துக்குப் பிள்ளைகள் கூடிக்கொண்டே போவதில் மகிழ்ச்சி. அதை டிரஸ்டாகப் பதிவதா, சங்கமாகப் பதிவதா என்று கேட்டிருந்தாய்.

சங்கம் வேண்டாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும். நீங்கள் நாலே பேர். ஒப்புக்கு மூன்று பேரைச் சேர்த்தால் பொதுக்குழுவில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு, நாளைக்குப் படிப்பகமே கைமாறலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும், லாப நோக்கமில்லாத கம்பெனிக்கு இரண்டு பேர் போதும், பெரிய நிறுவனங்களிடம் நிதி கேட்கவும் தோது. ஆனால் வரவுசெலவுக் கணக்குக்கு ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கு எம்ஜிடி-7 என்று ஆண்டுக்கு இரண்டு படிவம் அரசுக்குத் தர வேண்டும். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் தினம் 100 ரூபாய்; ஆறு மாதம் மறந்தால் 36,000. உங்கள் வரவுக்குத் தாங்காது.

ஆக, டிரஸ்ட்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் வேலை. சிக்கலெல்லாம் பத்திரத்தில்தான். பத்திர எழுத்தர் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றித் தருவார், அப்படியே வாங்காதே. டிரஸ்ட் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள, வரிவிலக்குப் பெற்ற வேறு அமைப்புக்கே போகும், நிறுவனருக்குத் திரும்பாது என்ற வரி இருக்கிறதா பார். அது இல்லாமல்தான், டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவுக்கான விண்ணப்பங்கள் பல திரும்பி வருகின்றன. அறங்காவலர் விலகினாலோ இறந்தாலோ அடுத்தவரை நியமிப்பது யார், ஷரத்துகளைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் வேண்டும். திருத்த ஷரத்து இல்லையென்றால் பின்னால் சின்ன மாற்றத்துக்கும் கோர்ட்டுப் படி ஏற வேண்டிவரும். "நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு" என்று யாராவது பாசமாக எழுதச் சொன்னால் மறுத்துவிடு. ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்றால், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி கிடைக்காது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பத்திரத்திலேயே போட்டுவிடு. பான் அட்டையில் ஓர் எழுத்து பிசகினால் வங்கியில் கணக்கு நகராது.

அடுத்து 12ஏ, 80ஜி. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் ஆடிட்டர்கள் வாயில் இன்னும் அதே பெயர்தான். முதலில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. மூன்று வருஷம் இருக்கிறதே என்று அசந்துவிடாதே. டிரஸ்ட் பெயரில் வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை, வங்கி வழியாகவே வாங்கு.

முகவரிச் சான்றுக்காக, படிப்பகம் நடக்கும் இடத்தின் வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதமும் கரண்ட் பில் நகலும் இப்போதே வாங்கி வை. முத்திரைத்தாளில் அடிக்கும் முன் வரைவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரவி