அம்மாவோட ஸ்பீக்கர் போன்

அன்புள்ள செல்வி,

நல்லா இருக்கியாடி? போன மாசம் நீ போன் பண்ணப்ப வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்ட, நான் ம்ம்னு சொல்லிட்டு வச்சிட்டேன், அதுலேந்து மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. பாண்டிக்கும் கடலூருக்கும் பஸ்ல ஒரு மணி நேரந்தான், நேர்லயே வந்திருக்கலாம், ஆனா வாயால சொல்ல வரல. அதான் எழுதறேன்.

தம்பி இப்ப எங்க வீட்லதான் இருக்கான். ஆறு மாசத்துக்கு மேல ஆகுது. அவன் பொண்டாட்டி கோர்ட்ல ஆர்டர் வாங்கியிருக்கா. வீட்டுக்கு வரக் கூடாது, அவ வேலை செய்ற இடத்துக்கோ பாப்பா ஸ்கூலுக்கோ போகக் கூடாது, போன், மெசேஜ், வாட்ஸ்அப், லெட்டர்னு எது மூலமாவும் பேசக் கூடாது. குடிச்சிட்டு கை நீட்டினான்டி, ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. கூடப் பொறந்தவன்கிறதுக்காக உன்கிட்ட மறைக்க மாட்டேன். அவ 181க்கு, அதான் பொம்பளைங்க உதவி நம்பருக்கு போன் பண்ணி, பாதுகாப்பு அலுவலரைப் பாத்து, அவங்க ரிப்போர்ட் எழுதிக் குடுத்து, மாஜிஸ்ட்ரேட் இடைக்கால உத்தரவு போட்டாங்க. வீட்டுக்குள்ள நடக்குற வன்முறையிலேந்து பொம்பளைங்களக் காப்பாத்த 2005ல வந்த சட்டம், டி.வி. ஆக்ட்னு வக்கீலுங்க சொல்றது.

"என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படிக்கா போடலாம்"னு மொத நாள் அப்படிக் கத்தினான். எனக்கும் மொதல்ல அது நியாயமாதான் பட்டுது. வக்கீல் சொன்னாரு, ஆபத்து இருக்குன்னு அவ பிரமாணப் பத்திரத்துல தெரிஞ்சா எதிர்தரப்பக் கேக்காமலே போடலாம், இவன் பக்கத்த அப்புறம் சொல்லலாம், அப்பீலுக்கும் 30 நாள் இருக்குன்னு. ராத்திரி படுத்து யோசிச்சுப் பாத்தேன். மொதல்ல நோட்டீஸ் போகணும், அப்புறந்தான் ஆர்டர்னா, அந்த நோட்டீஸ் வந்த ராத்திரி அந்த வீட்ல அவ கதி என்ன?

அவங்க குடும்பம் நடத்தின வீடு அம்மா பேர்ல இருக்கு, அம்மாவும் அங்கதான். அந்தச் சட்டத்துல ஆம்பளைய வெளிய போகச் சொல்லலாம், பொம்பளைய வெளிய அனுப்பி ஆர்டர் போட முடியாது. அதனால மாமியாரும் மருமகளும் இன்னும் ஒரே அடுப்புலதான் சமைக்கிறாங்க, சண்டை எல்லாம் இல்ல, ஆனா புள்ள பேச்சு வரும்போதுதான் கஷ்டம்.

ஆடி மாசம் ஒரு நாள் நான் அங்க போயிருந்தேன். அவ கிரைண்டர்ல மாவு அரைச்சுக்கிட்டு இருக்கா, மணிக்கட்டு வரைக்கும் உளுந்து மாவு. அம்மாவுக்குக் காது சரியா கேக்காது, எப்பவும் ஸ்பீக்கர் போட்டுதான் பேசும். தம்பி போன். "ஏம்மா, அவ சாப்டாளா?"ன்னு கேட்டான். அவ்ளோதான் கேட்டான். அவ கைய கழுவல, கிரைண்டர நிறுத்தல, மாவுக் கையோடயே ரூமுக்குள்ள போய் தாப்பா போட்டுக்கிட்டா. கிரைண்டர் பாட்டுக்கு ஓடுது, நான்தான் போய் நிறுத்தினேன். கதவுல அவ கை பட்ட எடத்துல மாவு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துது.

"சாப்டாளான்னுதான கேட்டான், அதுல என்ன தப்பு"ன்னு அம்மா அழுவுது. எனக்கும் புரியல. சாயந்தரம் அவளே சொன்னா, "அண்ணி, அவரு அடிக்கிற அன்னிக்கெல்லாம் மொதல்ல சாப்டியான்னுதான் கேப்பாரு."

அன்னிக்குதான் எனக்கு அந்த பேப்பர்ல எழுதியிருக்கறது புரிஞ்சுது, எந்த வகையிலும் தொடர்பு வச்சிக்கக் கூடாதுன்னு ஏன் போட்டிருக்காங்கன்னு. நம்ம ஜனங்களுக்கு இது ஏறவே மாட்டேங்குது. சித்தப்பா ஒரு பக்கம் நாலு பேரு உக்காந்து பேசி சேத்து வச்சிடலாம்கிறாரு, தீபாவளிக்கு தம்பி எடுத்த பொடவைய நீ எடுத்தா மாதிரி குடுத்துடுன்னு அம்மா என்கிட்ட குடுக்குது. ஆர்டர மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்துக்கூட போடலாம், போலீஸ் வாரண்ட் இல்லாம புடிக்கலாம், ஜாமீனும் சுலபத்துல கெடைக்காது. பாசத்துல செய்றோம்னு செஞ்சு நாமளே அவன உள்ள அனுப்பிடுவோம். அத விடு, அவ கதி என்னாவறது? பொடவைய பீரோவுலயே வச்சிட்டேன். இனிமே தம்பி போன் வந்தா மாடிக்குப் போய் பேசுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், கோச்சிக்கிச்சு, பரவால்ல.

இவனப் பாத்தாலும் வயிறு எரியுதுடி. ராத்திரில போன எடுத்து டைப் பண்றான், அழிக்கிறான், திரும்ப டைப் பண்றான். ஒரு நாள் அவனே, "அந்த பேப்பர் மட்டும் இல்லன்னா நான் போயிருப்பேன்க்கா"ன்னான். போய் என்ன செஞ்சிருப்பன்னு நான் கேக்கல.

பாப்பாவ ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் அவன் பாக்கலாம்னு கோர்ட்ல சொல்லியிருக்காங்க. நான்தான் அங்கேந்து தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். போன வாரம் பஸ்ஸ விட்டு எறங்கும்போது என் கையப் புடிச்சு இழுத்து, "அத்தை, அம்மா இன்னிக்கு மல்லிப்பூ வச்சிருந்தாங்கன்னு அப்பாகிட்ட சொல்லலாமா?"ன்னு கேட்டுச்சு. ஆறு வயசு செல்வி. எனக்குப் பதில் வரல, சுண்டல் வாங்கித் தரேன் வான்னு இழுத்துட்டுப் போயிட்டேன்.

இப்ப எல்லாரும் அவளப் போட்டு நெருக்குறாங்க. அவளா போய் வேணாம்னு மனு குடுத்தா கோர்ட் விசாரிச்சு ஆர்டர எடுத்துடலாமாம். "நீங்க சொல்லுங்க அண்ணி"ன்னு என்னையே கேட்டா. அம்மாவுக்காகவோ எனக்காகவோ எடுக்காதன்னு சொன்னேன். வீட்ல யாருக்கும் இன்னும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது, உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்.

முடிஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழம பீச்சுக்கு வாயேன், நாலு மணிக்கு நாங்க அங்க இருப்போம். உன் பேரன் சைக்கிள இன்னும் வச்சிருக்கியா? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கு.

உன்
கலா