விண்ணப்ப எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, ‘இத்தனை இடங்களுக்கு இத்தனை ஆயிரம் விண்ணப்பங்கள்’ என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. சிற்றூர்களில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இந்த ஒற்றைக் கணக்கு கெடுதலே செய்கிறது. ‘நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது’ என்று விண்ணப்பிக்காமலே பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட்டில் பார்த்தால் அதே கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் நிரம்பாமல் கிடக்கின்றன.

2023-இல் தமிழ்நாட்டின் 164 அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் சுமார் 1.07 லட்சம் இடங்களுக்கு ஏறத்தாழ 2.46 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 2.3 பேர். இது தலைக்கணக்கு. கல்லூரிவாரியாகப் பிரித்தால் போட்டி பல மடங்காகத் தெரியும். ஒரே மாணவர் பல கல்லூரிகளையும், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகளையும் தேர்வு செய்வதே காரணம். தரவரிசைப் பட்டியலும் ஒன்றல்ல: பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்து ஒன்று, ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து ஒன்று, மற்ற பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்து ஒன்று. மூன்றிலும் ஒரே பெயர் இருக்கலாம்.

சிறிய கல்லூரியில் சதவீதமே வழுக்கும். 40 இடம் உள்ள ஒரு துறையை இட ஒதுக்கீட்டின்படி பிரித்துப் பார்ப்போம். பொதுப்போட்டி 31 சதவீதம் என்றால் 12.4 இடம், பிற்படுத்தப்பட்டோர் 26.5 சதவீதம் என்றால் 10.6, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5 சதவீதம் என்றால் 1.4, பழங்குடியினர் 1 சதவீதம் என்றால் 0.4. அதாவது அரை இடம்கூட இல்லை. இந்த 40 இடத்தில் இரண்டு பேர் வராவிட்டாலே நிரம்பிய விழுக்காடு 5 புள்ளி இறங்கிவிடும். ஒட்டுமொத்தச் சேர்க்கை விகிதத்தை வைத்து ஒரு மாணவர் தன் வாய்ப்பைக் கணிக்கவே முடியாது. பாடப்பிரிவு, இட ஒதுக்கீட்டுப் பிரிவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு.

முதல் கலந்தாய்வின் கட்-ஆஃபை மட்டும் அச்சிடுவது இன்னொரு பிழை. டி.சி.யைக் கொடுத்துச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்புக் கலந்தாய்வு வந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த இடங்கள் அடுத்த சுற்றுகளில் குறைந்த மதிப்பெண்ணுக்கும் கிடைக்கின்றன. அதற்குள் காத்திருந்த ஏழை மாணவர் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் பணம் கட்டியிருப்பார். இதைத்தான் தடுக்க வேண்டும். 2025-இல் நடந்ததுபோல அரசு கல்லூரிகளுக்கு 20 சதவீதம் கூடுதல் இடம் நடுவில் அறிவிக்கப்பட்டால், மே மாதக் கணக்கு முழுவதும் செல்லாததாகிவிடும்.

புதிதாகப் புள்ளிவிவரம் திரட்டவும் வேண்டியதில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’ (NAAC) மதிப்பீட்டுக்காக, அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, இட ஒதுக்கீட்டில் நிரம்பியது எத்தனை என்று கல்லூரிகள் ஏற்கெனவே எழுதித்தான் கொடுக்கின்றன. அவற்றோடு விண்ணப்பித்த ஆட்களின் எண்ணிக்கை, முதல் விருப்பமாகத் தேர்ந்தவர்கள், சேர்ந்துவிட்டு விலகியவர்கள், ஒவ்வொரு பிரிவிலும் கடைசிச் சுற்றில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் ஆகியவற்றையும் சேர்த்து, கடந்த மூன்று ஆண்டுகளுக்குக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். தங்கள் மாவட்டப் பதிப்புகள் அதைக் கேட்டு வாங்கி, மே மாதமே வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.