ஷட்டரை இறக்கும் முன்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். பையன் ஐடி வேலைக்குப் போய்விட்டான், பொங்கலோடு கடையைக் கைமாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். சைதாப்பேட்டையில் பல மளிகைக் கடைகளில் இதே பேச்சுதான். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கடையை விடும் முன் அக்கம்பக்கத்துக் கடைகளோடு கூட்டாகச் சரக்கெடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

‘நம்ம தெருக் கடையில் வாங்குங்கள்’ என்று ஜனங்களிடம் கெஞ்சுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளம் பத்தாத வீட்டில் எங்கே ரெண்டு ரூபாய் குறைவோ அங்கேதான் வாங்குவார்கள். அதில் என்ன தப்பு? உங்களுக்கு அடி விழுவது சரக்கு எடுக்கிற இடத்தில். ஏஜென்சிக்காரர் உங்களுக்குப் போடுகிற விலைக்கே செயலியில் சோப்பை விற்கிறார்கள். வருஷக்கணக்கில் நஷ்டம் தாங்க அவர்களுக்கு முதலீட்டாளர் பணம், உங்களுக்கு நகைக்கடன். 2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது, தமிழ்நாட்டுக்குள் விடமாட்டோம் என்றார் ஜெயலலிதா. கடையாக வரவில்லைதான். செல்போனில் வந்துவிட்டது.

1898-இல் பெர்லினில் உங்களைப் போன்ற மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து, சரக்கை மொத்தமாக எடுக்க ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். விற்பது அவரவர் கடையில், வாங்குவது மட்டும் கூட்டாக. அதிலிருந்து வளர்ந்த எடேக்காதான் இன்று ஜெர்மனியின் மிகப்பெரிய மளிகை வணிகம். அதன் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் தனித்தனி முதலாளிகள். (பெரிதானபின் அதுவும் சப்ளையர்களை நெருக்குகிறது என்ற புகார் உண்டு. கூட்டுறவு என்றால் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை.)

ஜெர்மனி எதற்கு, உங்கள் விருதுநகரையே எடுங்கள். வியாபாரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மகமை (பொதுநிதி) எடுத்துவைத்து 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைக் கட்டியவர்கள் உங்கள் பாட்டன்மார். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கடன் கொடுக்க ஆளில்லை என்று அழுதுகொண்டிருக்கவில்லை. ஆனால் அந்த மகமை ஒரு சாதிக்குள் நின்றது. இப்போது செய்தால் பாய் கடை, மூலையில் காய்கறி விற்கும் அக்கா, எல்லாரும் உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் எனக்கு இதில் அக்கறை இல்லை.

சென்னைக்கும் இது புதிதில்லை. திருவல்லிக்கேணியில் 1904-இல் வாங்குகிறவர்களே சேர்ந்து பண்டகசாலை திறந்தார்கள், டியூசிஎஸ் என்கிற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம். பின்னாளில் நம் கூட்டுறவுகளில் பல, தேர்தல் இல்லாமல் அரசு போட்ட தனி அலுவலர் கையில் கிடந்து சோர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் போகாதீர்கள். கணக்கு மாதாமாதம் எல்லார் கண்ணிலும் பட வேண்டும், ஆளுக்கு ஒரு ஓட்டு. பெரிய கடைக்கு ரெண்டு ஓட்டு என்று ஆரம்பித்தால் அன்றோடு முடிந்தது.

சோப்பு, பிஸ்கட்டில் கம்பெனிக்காரன் வைத்ததுதான் விலை. அதில் உடனே கை வைக்க முடியாது. எண்ணெயில் முடியும். பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது, அங்கே காட்டை அழித்துப் போட்ட தோட்டங்கள் எத்தனையோ. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிறது, உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் வந்துவிட்டன. ஒற்றைக் கடை போய்க் கேட்டால் மதிக்க மாட்டார்கள். பதினைந்து கடை சேர்ந்து மாதத்துக்கு இத்தனை டின் என்று உறுதி சொன்னால் விலை பேசலாம். விவசாயிக்கும் அறுவடைக்கு முன்பே ஒரு விலை தெரியும். கடலை எண்ணெய் பாமாயில் விலைக்கு வராது, அது வேறு கணக்கு. ஆனால் கடலை எண்ணெய் வாங்குகிறவர்களாவது உங்களிடம் வருவார்கள்.

முதலில் எண்ணெய், உளுந்து, அரிசி, மூன்றே சரக்கு. கொத்தவால் சாவடி மொத்தச் சந்தைக்கு ஆளுக்கொரு வண்டி அனுப்புவதை விட்டு ஒரே வண்டி. பாய் கடைக்குப் பின்னால் குடோன் காலியாகக் கிடக்கிறது, வாடகை கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் கணக்கெழுத நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் இன்னும் நோட்டுக் கணக்கு வைத்திருக்கும் ஒருவன்