கேம்ப் அடிக்கும் கில்லரைத் தடை செய்ய வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கில்லர்’ என்ற ஒருவர் துரத்த, நால்வர் தப்பிக்கும் திகில் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிடித்துக் கொக்கியில் மாட்டிய ஆளை விட்டு நகராமல் நிற்கும் கில்லர்களும், மற்றவர்களை விட்டுவிட்டு ஒரே ஆளைத் துரத்துபவர்களும் ஏமாற்றுக்காரர்கள், அவர்களைத் தடை செய்ய வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அவருடைய கோபம் நியாயமானது. கொக்கியில் தொங்கியபடி ஒன்றும் செய்ய முடியாமல் கில்லரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது கொடுமைதான். ஆனால் தடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெட் பை டேலைட்டையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் வெளியான அந்த விளையாட்டின் விதிகள் கேம்ப்பிங் எனப்படும் இந்தக் கொக்கிக் காவலையும், டனலிங் எனப்படும் ஒரே ஆளைத் துரத்துவதையும் குற்றமாகக் கருதுவதில்லை. காரணம், அவற்றுக்கு ஆட்டத்துக்குள்ளேயே பதிலடி இருக்கிறது. தப்பிக்கும் வாசலைத் திறக்க ஐந்து ஜெனரேட்டர்களைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தனியாளாகச் சரிசெய்ய 90 விநாடி ஆகும். கில்லர் கொக்கியடியில் நிற்கும்வரை மற்ற மூவரையும் துரத்த ஆளில்லை. அவர்கள் ஆளுக்கொரு ஜெனரேட்டரில் உட்கார்ந்தால், வேண்டிய ஐந்தில் மூன்று ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒருவர் மட்டும் காயமில்லாமல் வந்து, அடியை வாங்கிக்கொண்டு தோழரை இறக்கலாம். ஒற்றை உயிருக்காக ஆட்டத்தையே கோட்டைவிட்டவர் அந்தக் கில்லர்தான்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. மூவரும் பதறிப்போய்க் கொக்கியைச் சுற்றியே வளைய வருகிறார்கள். ஜெனரேட்டர் பக்கம் யாரும் போவதில்லை. ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். கேம்ப் அடித்தால் ஜெயிக்கலாம் என்று அந்தக் கில்லருக்குக் கற்றுக்கொடுப்பதே இந்தப் பதற்றம்தான்.

முன்பின் அறியாதவர்களோடு, பேச வழியில்லாமல் ஆடும்போது இதெல்லாம் எளிதல்ல என்பதும் உண்மை. அந்தக் குறையைத் தயாரிப்பாளர்கள்தான் சரிசெய்ய வேண்டும், செய்தும் வருகிறார்கள். கொக்கியிலிருந்து இறக்கப்பட்டவருக்குச் சில விநாடிப் பாதுகாப்பு 2022 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. 2024-இல் இன்னொன்று வந்தது: கில்லர் கொக்கி அருகிலேயே நின்றால் ஒரு மீட்டர் நிரம்பும், நிரம்பியதும் தொங்குபவர் தானே இறங்கிக்கொள்ளலாம். யாரையும் தடை செய்யாமலே அந்த உத்தியின் பலன் குறைந்தது.

நியாயமற்ற ஆட்டம் என்று நான் சொல்வது வேறு. கூட இருப்பவர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கில்லருக்குக் காட்டிக்கொடுப்பது, ஒருவரை மூலையில் அடைத்து ஆட்டம் முடியாமல் இழுத்தடிப்பது, ஹேக் போடுவது. இவற்றுக்கு ஆட்டத்துக்குள் பதிலடி கிடையாது. ஆகவே புகார் கொடுத்தே ஆக வேண்டும். முதல் கொக்கியிலேயே கோபித்துக்கொண்டு வெளியேறுவதையும் இதில் சேர்ப்பேன். கில்லர் மீதுள்ள கோபத்துக்கு மீதி மூவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

ஆட்டம் முடிந்தபின் சாட்டில் கொட்டும் வசவுகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். எதிரே இருப்பவர் அன்றைக்குத்தான் கில்லராக ஆடத் தொடங்கியவராக இருக்கலாம். நால்வரை ஒற்றை ஆளாகச் சமாளிக்கத் தெரியாமல், கையில் கிடைத்த ஒருவரையும் விட்டுவிடப் பயந்து நின்றிருக்கலாம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கில்லராக ஆடுகிறவர்கள் சிலரிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்