சன்ஸ்கிரீனை விடு, புகையைக் கவனி

அன்புள்ள கயல்,

'நானோ', அதாவது மிக நுண்ணிய துகள், என்று அச்சடித்த சன்ஸ்கிரீனையெல்லாம் நீ குப்பையில் போட்டுவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எதைப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நீ பயப்பட வேண்டியது அந்த டியூபைப் பார்த்து இல்லை, புகையைப் பார்த்துத்தான். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதிதான் படிப்பாய், அதனால் கடிதம்.

தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் கலப்பதில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். அது உண்மைதான். ஆனால் ரத்தம் கலக்காத இடத்தில் நானோ துகள் நுழைந்துவிடும். 2010இல் சுவிட்சர்லாந்தில், பிரசவமான தாய்மார் கொடுத்த நஞ்சுக்கொடிகளில் குழாய் மாட்டி, தாய்ப்பக்கமும் சேய்ப்பக்கமும் தனித்தனியாகத் திரவம் ஓடவிட்டார்கள். தாய்ப்பக்கத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளைக் கலந்தார்கள். 240 நானோமீட்டர் வரையுள்ள மணிகள் சேய்ப்பக்கம் வந்து சேர்ந்தன. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர், பார்த்துக்கொள்.

நீ படித்துப் பயந்தது 2011இல் ஜப்பானியர் செய்த எலி ஆய்வாக இருக்கும். 70 நானோமீட்டர் சிலிக்காவும் 35 நானோமீட்டர் டைட்டானியம் டையாக்சைடும் குட்டிகளின் ஈரல், மூளை வரை போயின. குட்டிகளும் சிறுத்துப்போயின. ஆனால் அந்த எலிகளுக்குத் துகளை நேராக ரத்தத்தில் ஊசி போட்டார்கள். நீயோ சன்ஸ்கிரீனில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடைத் தோலில்தான் பூசுகிறாய். காயமில்லாத தோலில் அது மேலேயுள்ள செத்த செல்களிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று, அதே சிலிக்காவின் மேற்பரப்பை வேதிமுறையில் மாற்றியதும் அந்தக் கெடுதல் இல்லாமல் போனது. ஆக, அளவு மட்டும் கணக்கில்லை. ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், அது மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். கிரீம் தாராளமாகப் பூசிக்கொள்.

இப்போது புகைக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் நீ இருக்கும் லூவனுக்குப் பக்கத்து மாகாணத்தில்தான் ஹாசெல்ட் நகரம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தார் 2019இல், புகைபிடிக்காத தாய்மாரின் நஞ்சுக்கொடியை மெல்லிய சீவலாக வெட்டி லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். புகையிலுள்ள கரித்துகள் மேல் லேசர் பட்டால் அது வெள்ளையாக ஒளிவிடும், ஒளிந்துகொள்ள முடியாது. சேய்ப்பக்கத்திலேயே துகள்கள் மின்னின. காற்று மாசு அதிகமுள்ள இடத்தில் வசித்தவர்களிடம் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 20,900, குறைவான இடத்தில் சுமார் 9,500. 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்காரர்களோடு சேர்ந்து பார்த்தபோது, கருவின் ஈரல், நுரையீரல், மூளையிலும் கரித்துகள் இருந்தது.

துகள் உள்ளே போய்த்தான் கெடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கோபால்ட்-குரோமியம் உலோகத் துகளை நஞ்சுக்கொடி செல்களால் ஆன அடுக்கின் ஒரு பக்கம் வைத்தார்கள். அது தாண்டவில்லை, ஆனாலும் மறுபக்கத்து செல்களின் டிஎன்ஏ சேதமானது. நடுவிலிருந்த செல்கள் ஏதோ செய்தி அனுப்பியிருக்கின்றன. எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்கியது. நஞ்சுக்கொடியில் அழற்சி வந்தால் பிள்ளைக்குப் போக வேண்டிய சாப்பாடும் ஆக்சிஜனும் குறையலாம். மாசுக்காற்றுக்கும் எடை குறைவான பிறப்புக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதற்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காராதே. நடைக்குப் போகும்போது பஸ் ஓடும் பெரிய ரோட்டை விட்டு உள்தெருவில் போ. மிளகாய் தாளிக்கும் முன்பே அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போடு. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி வேண்டாம், அந்தப் புகையிலும் இதே மாதிரி நுண்ணிய துகள்தான். விளக்கு மட்டும் ஏற்று, சாமி கோபித்துக்கொள்ளாது. டாக்டரிடமும் இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பிரசவத்துக்கு நானும் உன் அத்தையும் வருகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்று அவள் இப்போதே பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். அதை நான் பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா