பொறுத்துப் பொறுத்து வந்த கோபம்

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தரமணியில் வேலை கிடைத்துவிட்டது. காலையில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் பறக்கும் ரயிலுக்கு ஓடுகிறாள்.

உன் தம்பி விஷயத்தில் இவ்வளவு பயப்படாதே. அம்மாவைப் பற்றித் தெருவில் வைத்துக் கேவலமாகப் பேசியவனை அந்த இடத்திலேயே அறைந்திருக்கிறான். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கெல்லாம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான். சாதாரணக் காயம் என்றால் அதில் 115(2)-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கடுமையாகவும் திடீரென்றும் ஆத்திரமூட்டப்பட்டு, அப்படி ஆத்திரமூட்டியவனையே அடித்திருந்தால் 122(1). அதில் அதிகபட்சம் ஒரு மாதம், அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். வம்பை இவனே வலியப் போய் இழுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நிரூபிக்கும் பொறுப்பு இவன் தலையில் விழும் என்பதால், அப்போது அங்கே நின்றவர்கள் யார் யார் என்று இப்போதே குறித்து வைக்கச் சொல். இரண்டு பிரிவுமே கோர்ட் அனுமதி இல்லாமல் ராஜியாகக் கூடியவை. பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

அதே 122-ஆம் பிரிவை நான் இப்போது வேறொரு பெண்ணுக்காகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், கலா. கல்யாணமான நாளிலிருந்து கணவனிடம் அடியும் வசவும் வாங்கியவள். ஒரு ராத்திரி, பிள்ளைகள் பார்க்க முடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்போது அவள் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் நின்றுகொண்டு, “சட்டையை எடுத்துட்டு வா” என்றிருக்கிறான். பிடித்துத் தள்ளிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். 117(2)-இல் ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 122(2)-க்குள் கொண்டுவர முடிந்தால் ஐந்தாண்டுதான் உச்சம், வெறும் அபராதத்தோடும் விடலாம். என்னிடம் பேசும்போது ஆபீஸ் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். “அன்னைக்குக் காலையில அவர் திட்டக்கூட இல்லைங்க மேடம்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். வழக்கே அந்த வார்த்தையில்தான் சிக்கி நிற்கிறது.

‘திடீர்’ என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டால், எல்லோரும் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அவர் மதியம் 1.30-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார், சுட்டது 4.20-க்கு. ஆத்திரம் தணிய அந்த நேரம் போதும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவருக்கு அது சரி. வருஷக்கணக்கில் ஒரே வீட்டுக்குள் மிதிபட்டவளுக்கும் அதே கடிகாரமா? அவளுக்கு ராத்திரி முழுக்க ஆத்திரம் தணியவில்லை, ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் இதை 1989-லேயே புரிந்துகொண்டது. கணவன் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கு. நல்லதங்காளின் பெயரைச் சொல்லியே அவள் மனநிலையை விளக்கி, நீடித்த ஆத்திரமூட்டலும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் என்றது. அது கொலை வழக்கிலேயே செல்லும் என்றால் முறிந்த மணிக்கட்டுக்குச் செல்லாதா?

1860-இல் எழுதிய சட்டத்தை மாற்றி எழுதும் வாய்ப்பு வந்தபோது, இதை ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. 500 ரூபாய் அபராதத்தை 5,000 ஆக்கினார்கள், கொடுங்காயத்துக்கு நான்காண்டை ஐந்தாக்கினார்கள். ‘கடுமையான, திடீர்’ என்பது அப்படியே இருக்கிறது. திட்டமிட்டுப் பழிவாங்குகிறவனும் இதில் ஒளிந்துகொள்வான் என்று என் சீனியர் சொல்கிறார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் உண்மையில் மிதிபட்டவள் யார், நடிப்பவன் யார் என்று சாட்சியைக் கேட்டுப் பிரித்துப் பார்ப்பதற்குத்தானே நீதிபதி இருக்கிறார்?

அடுத்த வாய்தாவுக்குள் அந்த 1989 தீர்ப்பை வைத்து வாதத்தை எழுதி முடித்துவிடுவேன். ஜட்ஜ் என்ன சொன்னார் என்று உனக்கு எழுதுகிறேன். தம்பியை வார்த்தையை விடாமல் இருக்கச் சொல். ராஜி முடியும் வரை அந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மீனா