இருட்டுக் கடற்கரையில் நடந்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் நிதானமாக எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் மட்டும் அவசரமாகச் சொல்லியிருக்கிறாய். பொழுது சாயும் நேரத்தில் ஆளில்லாத கடற்கரையில் தனியாக நடந்தாய், பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது, உன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுகூடக் கேட்டது, ஓடிவந்துவிட்டாய். "இந்த வயசில் இப்படியா என்று சிரிக்காதே அம்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பே வரவில்லை, கண்ணு. அந்தப் பயம் எனக்கும் நன்றாகத் தெரியும். கடற்கரையான நெய்தல் நிலத்துக்குப் பொழுதாக எற்பாட்டையும் (பொழுது சாயும் நேரம்), உணர்வாக இரங்கலையும் (ஏங்கி வருந்துவது) வைத்தார்களே நம் முன்னோர், அவர்களும் அந்த நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நீ நடப்பதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பயத்தில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தெரிந்தால் போதும்.

முதலில் காற்று. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசுகிற காற்று, தரை குளிரக் குளிர வலுவிழக்கும். இரவில் அதுவே திசை மாறி, கரையிலிருந்து கடலுக்கு வீசும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் காற்று அசையாமல் நிற்கும். அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்தது சட்டென்று அடங்கும்போது, யாரோ கதவைச் சாத்தியது போலிருக்கும். அப்போதுதான் முதுகு சிலிர்க்கும். நீ "திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது" என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தக் குரல். அலை உடையும்போது காற்று சிக்கிக்கொண்டு லட்சக்கணக்கான குமிழிகள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் அதிர்ந்து ஒலிக்கும். பெரிய குமிழி தாழ்ந்த சுருதியிலும் சின்னது உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும் என்பதை மார்செல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933இல் கணக்குப் போட்டே காட்டினார். எல்லாச் சுருதியும் கலந்த அந்த இரைச்சலில் நம் மூளை தனக்குப் பழகியதைத் தேடும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு நம் காது நன்றாகப் பழகிய சொல் நம் பெயர். அதனால் அதுதான் முதலில் கேட்கும். இன்னொன்றும் உண்டு. அந்தி சாய்ந்த பிறகு தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருந்தால், மேலே போகிற ஒலி வளைந்து கீழே வரும். எங்கோ தூரத்தில் பேசுகிறவர்களின் பேச்சு பக்கத்தில் கேட்பது அதனால்தான்.

கண்ணும் அப்படியே. வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புர்கின்யே விளைவு என்பார்கள். தெரிந்த இடமே வேற்றிடமாகத் தோன்ற அது போதும். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரைமணி நேரம் ஆகும். நடுவில் ஒருதரம் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் பழகியது பெரும்பாலும் வீண். மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் பார்வையை அதற்குச் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார், இன்னும் நன்றாகத் தெரியும். இருட்டில் வேலை செய்கிற செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது. ஓரக்கண்ணில் அசைந்தது, திரும்பினால் இல்லை என்று நீ எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நண்டு! மணல் நிறத்தில் இருக்கும் அந்த வளை நண்டைச் சொல்கிறேன். பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு இருட்டியதும் வெளியே வரும். ஒரு நாள் அசையாமல் உட்கார்ந்து பார். முதலில் வளை வாயிலில் குச்சி மாதிரி இரண்டு கண்கள் எழும்பும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு உடம்பு வரும், ஒரு பிடி ஈரமணலைக் கொண்டுவந்து வெளியே போடும், மறுபடி உள்ளே போகும். நீ காலை அசைத்தால் பக்கவாட்டில் விர்ரென்று ஓடி, சட்டென்று நின்றுவிடும். நின்றுவிட்டால் மணல் எது, நண்டு எது என்று சொல்ல முடியாது. உன் பின்னால் வந்தது அதுவாகவே இருக்கலாம்.

சரி, இதெல்லாம் தள்ளிவிடக்கூடியவை. நம்ப வேண்டியதற்கு வருகிறேன். இங்கே நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே. வரிசையாகச் சின்ன அலைகள் வந்துகொண்டிருக்கும்போதே ஒன்று மட்டும் வெகுதூரம் ஏறி வரும். பாறை முனையைச் சுற்றிப் போவதாக இருந்தால் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறுகிறதா, வற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் போ. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று மாலை வழி இருந்த அதே நேரத்தில், ஒரு வாரம் கழித்து அங்கே தண்ணீர் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்கவே இறங்காதே. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாகத் தெரிய, நடுவில் மட்டும் கறுப்பாக, சாதுவாகத் தெரிகிற இடத்தில்தான் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். பகலிலேயே அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மனிதரால் வருகிற பயம் வேறு. நிஜமாகவே ஒரு ஆள் தெரிந்து, உன் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தேடிக்கொண்டு நிற்காதே. மரியாதையும் பார்க்க வேண்டாம், வெளிச்சம் இருக்கும் பக்கம் நடந்துவிடு. அப்படி ஓடிவந்ததற்கு நீ யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, என்னிடமும்தான்.

கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்கு ஒரு வரி அனுப்பிவிடு. திரும்பியதும் ஒரு வரி. நடுவில் நான் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். நிலவில்லாத நாளில் போனால் உடைகிற அலை நீலமாக மினுங்குகிறதா என்று பார். கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சின்ன உயிர்கள் தண்ணீர் கலங்கினால் அப்படி ஒளிவிடும். எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் எந்த நேரமானாலும் பரவாயில்லை, அப்போதே போன் செய். நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா